பஸ்ஸுக்கு வயல் கட்டினோம்

மழை விட்ட காலை. ஊரே திரண்டு நின்று ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரியின் பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் சேற்றுக்குள் போயிருந்தன.

இப்ராஹிம் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். இறங்கிய கால் கணுக்காலுக்கு மேல் உள்ளே போயிற்று. காலை எடுத்தார், செருப்பு வரவில்லை. அடிவாரத்திலிருந்து வந்து எங்கள் மலை மிளகும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிப்போகிற வியாபாரி அவர். லாரியும் சொந்தம், ஓட்டுவதும் அவரே. கொல்லிமலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் ஒரு கையால் ஏறி வருகிற மனிதர், எங்கள் ஊர் சமதரையில் வந்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா ராசாத்தி, வண்டி திருப்ப எடம் பண்ணியிருக்கோம், வந்து திருப்பிப் பாருங்க பாய்னு கூப்பிட்டே. இங்க பாத்தா நாத்து நட எடம் பண்ணி வெச்சிருக்கீங்களே!"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கத்தில் நின்ற பூங்கொடி என் கையைப் பிடித்திருந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். அந்த இடத்தில் பஸ் திரும்பினால் அவள் ஒன்பதாவது போவாள். திரும்பாவிட்டால் ஆடி கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. 

எல்லோருக்கும் பதவி

இந்தத் தொடரில் இதுவரை நான் அழுத கதைகளாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் ஒரு குறை. சரி, இந்த வாரம் ஜெயித்த கதை. கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி ஆலத்தூர் நாட்டில் ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் கீரைக்காட்டுப்பட்டி. அப்போது புது நூற்றாண்டு பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஊரில் வாலிபர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். ஓட்டுச் சாய்ப்பு, ஒரு கேரம் போர்டு, சுவரில் நீலப் பெயிண்டில் 'மாற்றம் நம்மிடமிருந்து' என்று கொட்டை எழுத்து. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், அமைப்பாளர், ஆலோசகர். ஏழு பேருக்கும் பதவி இருந்தது. உறுப்பினர் என்று ஒருத்தர்கூட இல்லை.

தலைவர் முருகேசன், என் அத்தை மகன். பின்னாளில் எனக்கே வீட்டுக்காரர் ஆகிவிட்டதால் அவரைப் பற்றி மரியாதையாக எழுத வேண்டிய நிலைமை. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பேச்சு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். ஊருக்கு ஆஸ்பத்திரி வரும், காலேஜ் வரும், மிளகுக்குத் தனி மார்க்கெட் வரும் என்பார். இத்தனையும் அவர் கேரம் காயைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வரும்.

அந்த ஆசை பொய்யில்லை. ராத்திரி தூங்கவிடாத அளவுக்கு அவர்களுக்கு அந்த ஆசை இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். விடிந்ததும் முதலில் எதைச் செய்வது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் அடிவாரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது முடித்தவள். எங்கள் ஊரில் பத்து முடித்த முதல் பெண். அந்தத் திமிர் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒருநாள் மன்றத்து வாசலில் நின்று கேட்டேன்.

"ஏனுங்க தலைவரே, காலேஜ் வர்றது இருக்கட்டும். இருக்கிற பள்ளிக்கோடத்துக்கு எங்க ஊட்டுப் புள்ளைங்க எப்படிப் போறதுங்க?"

"அதுக்கும் திட்டம் இருக்குது."

"திட்டத்துல ஏறி உக்காந்து போக முடியுமுங்களா?"

துணைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ரோடு இருக்கு, வண்டி இருக்கு

எட்டாவது வரை பக்கத்துப் பட்டியில் இருந்தது. அதற்கு மேல் படிக்க உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் முக்கு ரோடு வரைக்கும்தான் வந்து திரும்பும். ஊரிலிருந்து முக்குக்குப் போகிற வழி முழுக்கக் காடு. பலா பழுக்கிற காலத்தில் கரடி நடமாட்டம் அதிகம். பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை எட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

என்னை ஹாஸ்டலில் விட்டதே அதனால்தான். முதல்முறை மலையிறங்கிய நாள் மறக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த அம்மா ஒருத்தி தன் முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "படிச்சுட்டு வா கண்ணு, வாந்தியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். யாரென்றே தெரியாது. அவள் முந்தானையில் மிளகு வாசம் அடித்தது.

அது கிடக்கட்டும். ஊருக்குப் புதிதாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். அதனால் ரோடு வந்தால் பஸ்ஸும் வரும் என்று நம்பி மன்றத்து ஏழு பேரோடு நானும் மலையிறங்கிப் போய், பஸ் ஆபீஸில் மனுவை நீட்டினோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"ரோடு இருக்கு, வண்டி இருக்கு. வந்த வண்டி திரும்ப எடம் எங்கம்மா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரோடு முடிகிற இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆடு திரும்பும், மாடு திரும்பும், பஸ் திரும்பாது.

"பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முன்னாடி சோதனைக்கு ஒரு வண்டி அனுப்பறேன். திரும்பிட்டா வண்டி உங்களுக்கு. இல்லேன்னா குண்டனி நாட்டுல ஒரு ஊரு கேட்டுட்டே இருக்காங்க. அங்க விட்டுருவோம்."

தண்ணீர் நின்றது, கை தட்டினோம்

ரோடு முடிகிற இடத்துக்குக் கீழே பெரியண்ணக் கவுண்டரின் நிலம். அதில் ஒரு மூலை கிடைத்தால் போதும். பெரியண்ணக் கவுண்டர் பூங்கொடியின் அப்புச்சி, அதாவது அவள் அம்மாவைப் பெற்றவர். அவள் அப்பா பனியன் கம்பெனி வேலைக்கு ஊரைவிட்டுப் போனதிலிருந்து தாயும் மகளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். பேத்திக்குக் குண்டனி நாட்டில் மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். "கரடிக் காட்டுல அனுப்பிட்டு நான் வவுத்துல நெருப்பக் கட்டிட்டு உக்கார முடியாது. பஸ்ஸு வந்தாப் படிக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

நிலம் கேட்கப் போனபோது சண்டை வரும் என்று எதிர்பார்த்தோம். "எடுத்துக்கங்க சாமி, ஊருக்குத்தானே" என்று ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை ஆரம்பித்தது. மன்றத்து ஏழு பேரும் மண்வெட்டி எடுத்தார்கள். நாங்கள் பெண்கள் மண் சுமந்தோம். பெரியண்ணக் கவுண்டர் தினமும் வந்து பக்கத்தில் நின்று வழிசொன்னார்.

"உள்பக்கம் கொஞ்சம் தணிவா வரட்டும் சாமி. அப்படித்தான். வெளி ஓரத்துல வரப்பை நல்லாக் கெட்டியாக் கட்டுங்க. களிமண்ணா போட்டு மிதிங்க."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலைச்சரிவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமதரை என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும், வயல். சரிவை வெட்டி, ஓரத்தில் வரப்பு போட்டு, தண்ணீர் விட்டுப் பார்ப்போம். தண்ணீர் எங்கும் மேடு தெரியாமல் பரவி நின்றால் தரை சமம். அப்படித்தான் இதற்கும் ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பார்த்தோம். கண்ணாடி போல நின்றது. எல்லோரும் கை தட்டினோம். தலைவர் ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

நின்ற தண்ணீர் காய்ந்து தரை இறுகியது. பார்க்க அழகாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் கோடை மழை கொட்டியது. பஸ் வருவதற்கு முன்னால் லாரியை விட்டுப் பார்த்துவிடலாம் என்று நான்தான் இப்ராஹிம் பாயைக் கூப்பிட்டேன்.

நாலு படி நெல்லு

லாரியை வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. பலகை போட்டோம், வைக்கோல் போட்டோம், கயிறு கட்டி ஊரே இழுத்தது. வெளியே வந்ததும் பாய் ஒரு சொம்பு தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வயலுக்குத் தண்ணி நிக்கணும். வண்டிக்குத் தண்ணி ஓடணும். அந்த வரப்பை எடுத்துட்டு, வெளிப்பக்கம் சாய்வு குடுங்க. அடியில கல்லு போட்டு இறுக்குங்க. இவ்வளவுதாம்மா."

கேட்டதும் எங்கள் தலையில் நாங்களே அடித்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பெரியண்ணக் கவுண்டரைப் பார்த்தோம்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "என்னை என்னத்துக்குப் பாக்கறீங்க? பஸ்ஸு வந்தா பஸ்ஸுக்கு. வரலைன்னா நாலு படி நெல்லு வெளையும். நான் என்ன குத்தம் பண்ணிப்போட்டேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினேன். அதை இங்கே எழுதினால் பத்திரிகை போடாது.

வரப்பை உடனே உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அது அவ்வளவு லேசான காரியமில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிந்து பகையாகும்போதுதான் ஒருத்தர் நிலத்து வரப்பில் இன்னொருத்தர் மண்வெட்டி வைப்பார். வைத்தால் அந்த இரண்டு வீட்டுக்கும் பேரன் காலம் வரை பேச்சு இருக்காது. வரப்பை வெட்டுகிற உரிமை நிலத்துக்காரருக்கு மட்டும்தான். ஊருக்கென்று அவர் கொடுத்தது சபையில் சொல்லிக் கொடுத்ததில்லை, அதனால் நிலம் இன்னும் அவருடையதுதான். அவர் வெட்ட மாட்டேன் என்றார். கட்டியாகிவிட்ட வயலை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. மன்றத்துப் பையன்கள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார்கள்.

பூங்கொடி பேசினாள்

மறுநாள் சாயங்காலம் கோயில் களத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் தள்ளி நிற்பார்கள். பெண்களுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் வீட்டு ஆண்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அது களத்தின் நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் வேறு ஏதோவாக மாறியிருக்கும்.

முருகேசன் எழுந்தார். நான் சொல்லி அனுப்பியது நாலு வார்த்தை. அவர் "மரியாதைக்குரிய பெரியோர்களே" என்று ஆரம்பித்து, நாட்டின் எதிர்காலத்தைச் சுற்றிவிட்டு வந்து சேருவதற்குள் பாதிப் பேர் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியண்ணக் கவுண்டர் குறுக்கே வெட்டினார். "வரப்பை வெட்ட நான் உட மாட்டேன். அந்த மூலை எம் பேத்திக்குன்னு வெச்சது. அவ காதுகுத்துல இதே களத்துல சொல்லிக் குடுத்தது. ஊரே கேட்டுட்டுத்தான் இருந்துச்சு."

அது உண்மைதான். காதுகுத்துக்கு அம்மா வழி அப்புச்சி சபையில் ஏதாவது சொல்லிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிலர் கன்றுக்குட்டி கொடுப்பார்கள், சிலர் ஒரு பலா மரம். பெரியண்ணக் கவுண்டர் அந்த மூலையைச் சொல்லியிருந்தார்.

 இதற்கு மேல் யாரும் பேச முடியாது. சோதனை பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த இடத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 

"அப்புச்சி."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது குரல். எல்லாத் தலையும் திரும்பியது. பூங்கொடி முன்னால் வந்து நின்றாள். 

"அந்த மூலை எனக்குன்னு சொன்னது நெசமுங்களா அப்புச்சி?"

"நெசந்தான் கண்ணு."

"அப்ப இப்பவே குடுத்துருங்க. என்ற வரப்பை நானே வெட்டிக்கறனுங்க."

 வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். சபைக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர்தான் மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா பெரியண்ணா, சபையில சொன்னது சொன்னதுதானே?"

பெரியண்ணக் கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேத்தியைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார். "யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?"

சத்தியமாக நான் இல்லை. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்நேரம் பத்து வாரம் அதையே எழுதியிருப்பேன். அவளாகவே நின்ற இடத்தில் யோசித்துப் பேசினாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு நிகராக இன்றுவரை ஒன்றும் வரவில்லை, என் கல்யாணம் உட்பட.

"குடுத்துட்டேன் போ" என்றார் கிழவர். குரலில் கோபம் இருந்தது. ஆனால் எழுந்து போகும்போது அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வாயப் பாத்தியா?" என்று கேட்டதைப் பலரும் கேட்டோம். அதில் கோபமே இல்லை.

மாட்டு முறை

காலையில் பூங்கொடி முதல் வெட்டு வெட்டினாள். தேங்கியிருந்த தண்ணீர் சலசலவென்று பள்ளத்துக்கு ஓடியது. அவள் பாவாடை முழுக்கச் சேறு. பிறகு எல்லோரும் இறங்கினோம்.

வேலை நடந்ததைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது. ஏழு பதவி, ஏழு உத்தரவு. ஒருவர் இங்கே கல்லைப் போடச் சொல்வார், இன்னொருவர் எடுக்கச் சொல்வார். பெண்கள் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் நிற்போம். பொறுக்க முடியாமல் நான் கத்தினேன்.

"மாட்டுக்கு என்ன பண்றோமுங்க? முறை வெச்சுத்தானே மேய்க்கறோம்? அதே மாதிரி இதுக்கும் வெச்சா என்னங்க?"

எங்கள் ஊரில் மாடுகளை வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து மேய்ப்பார்கள். இன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு ஆள் சொல்கிற காட்டுக்குத்தான் மொத்த மாடும் போகும். ஊர்க்கவுண்டர் வீட்டு மாடாக இருந்தாலும் அப்படித்தான். தலைமையையும் அப்படி வைத்தோம். இன்றைக்கு யார் முறையோ அவர் சொல்வதுதான் சட்டம். ஆணும் பெண்ணும் எல்லோருக்கும் முறை உண்டு. மன்றத்துக்கு அன்றைக்குத்தான் உறுப்பினர்கள் கிடைத்தார்கள்.

பூங்கொடியின் முறை வந்த நாளில், முருகேசன் காலையெல்லாம் அடுக்கிய கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஆடுதுங்க மாமா. எடுத்துட்டு மறுக்கா போடுங்க" என்றாள். தலைவர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் பார்த்தோம்.  அவர் குனிந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். மறுபடியும் அடுக்கினார். பேச்சே இல்லாமல் அவர் ஒரு வேலையைச் செய்து அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வீடு காட்டோரத்தில் கிடந்த கற்குவியல் எல்லாம் வந்து சேர்ந்தது. இப்ராஹிம் பாய் ஒரு லோடு கிராவல் கொண்டுவந்து கொட்டினார். "எனக்கும்தானேம்மா வண்டி திருப்பணும். மூட்டையை முக்கு வரைக்கும் செமந்தே உங்க ஊரு ஆளுங்க பாதிப் பேரு கூனிப் போயிட்டாங்க" என்றார்.

சோதனை பஸ் வந்த நாளுக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பஸ் வந்தது. பின்னால் வந்தது, முன்னால் போனது, மறுபடி பின்னால் வந்தது, முழுசாகத் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றது. அதிகாரி இறங்கி ஷூ காலால் தரையை இரண்டு மூன்று இடத்தில் மிதித்துப் பார்த்தார். "பள்ளிக்கூடம் தெறக்கற அன்னைக்கு வண்டி வரும்" என்றார். அதற்கு மேல் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. விசில், பறை, பெண்கள் குலவை. முருகேசனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதற்கு அவரைத் தூக்கினார்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் ஊரிலிருந்து பூங்கொடியோடு சேர்த்து ஐந்து பெண்கள் போனார்கள். குண்டனி நாட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியண்ணக் கவுண்டரே நேரில் போய், "புள்ளை படிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜெயித்தது அத்தோடு முடிந்திருந்தால் அது ஒருநாள் திருவிழாவாகப் போயிருக்கும். மலையில் மழைக்கு மண் சரியும், தண்ணீர் வடிகிற கால்வாய் அடைக்கும், கல் நகரும். அதனால் முறையை நாங்கள் கைவிடவில்லை. வாரத்துக்கு ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். காலையில் முதல் ஆளாக வந்து கால்வாயில் அடைத்த மண்ணைத் தள்ளிவிட்டு, தரையைப் பார்த்து, வண்டி இறங்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது அவர் வேலை.

ஐப்பசியில் ஒரு காலை. ராத்திரியெல்லாம் அடைமழை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பஸ் வந்து ரோட்டிலேயே நின்றுவிட்டது. டிரைவர் புதிது. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எறக்கலாமா? இங்க யாருங்க பொறுப்பு?"

சந்தைக்குப் போக நின்ற ஆண்கள் எல்லோரும் பெரியண்ணக் கவுண்டரைப் பார்த்தார்கள். அங்கே வயதில் மூத்தவர் அவர்தான். பேத்தியின் புத்தகப் பையை மழை படாமல் துண்டுக்குள் வைத்துப் பிடித்திருந்தார்.

"இந்த வாரம் எம் பேத்திங்க. அதையே கேட்டுக்குங்க" என்றார்.

பூங்கொடி யூனிபார்ம் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரை முழுக்க நடந்தாள். குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளத்து ஓரம் ஓர் இடத்தில் நின்று யோசித்தாள்.

"இந்த ஓரம் வேண்டாமுங்கண்ணா, எளக்கமா இருக்குது. நல்லா உள்ள ஒடிச்சு வாங்க. நான் சொல்றேன்."

கையை உயர்த்திக் காட்டினாள். ஊர் ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ் அவள் கை காட்டிய வழியே இறங்கி, அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்று, அவள் திருப்பச் சொன்ன பக்கம் திரும்பியது.

அப்புச்சியிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு அவள் ஏறினாள். பள்ளிக்கு நேரமாகியிருந்தது.